எந்தக் கரைக்குப் போனாலும் அவன்

"பெரிய கடற்கரை மட்டும் வேண்டாம்," என்றார் கண்ணாடிக் கடைக்காரர், ஒரு கால் செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு.

"நேத்து நீங்கதானே அங்க போகலாம்னு சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"கூட்டமா இருக்கும்."

கூட்டமாவது மண்ணாவது! அங்கே லைஃப்கார்டாகச் சேர்ந்திருப்பவன் கல்லூரியில் தன்னோடு படித்தவன் என்று மனைவி சற்றுமுன் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். நீச்சலில் கோப்பை வாங்கியவனாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சிரிச்சா நல்லாயிருப்பான்" என்று ஒரு வாலையும் ஒட்டிவிட்டாள்.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது ஊருக்கே கண் பார்த்துக் கண்ணாடி மாட்டுகிறவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்து என்ன பயன், வயிறு எரிந்தது.

அந்த நகரத்தில் கடற்கரைக்கா பஞ்சம்? கலங்கரை விளக்கத்தடியில் ஒன்று, மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி ஒன்று, பாறைகளுக்கு நடுவே ஒன்று. எதற்கும் இருக்கட்டும் என்று குளியலறைக்குள் புகுந்து, குழாயைத் திறந்துவிட்டு, கடலோரக் காவல் அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"கலங்கரை விளக்கத்துப் பக்கம் இன்னிக்கு யாரும்மா காவல்? அந்த நீச்சல் சாம்பியன் இருப்பாரா?"

"இல்ல சார், அவர் பெரிய கடற்கரையில. ஏன் சார், தண்ணின்னா பயமா?"

உண்மையைச் சொல்ல முடியுமா? "ஆமாம்மா, ரொம்பப் பயம்."

"எப்ப வர்றீங்க?"

"சாயங்காலம். நானும் வீட்டுக்காரியும்."

"சரி சார், கவலையே படாதீங்க."

என்ன தங்கமான பெண் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கலங்கரை விளக்கத்தடி மணலில் கால் வைத்ததும் ஒரு விசில் கேட்டது. உயரமான நாற்காலியிலிருந்து குதித்து வந்தான் அவன். சிரித்தான். பாழாய்ப்போனவன், நன்றாகத்தான் இருந்தான்.

"அட, நீயா!" என்றாள் மனைவி. இருவரும் கல்லூரிக் கதை பேசி முடிக்கும்வரை அவளுடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார் கணவர்.

அடுத்த ஞாயிறு மறுபடி குளியலறை, மறுபடி போன்.

"இன்னிக்கு அவர் எங்கம்மா?"

"கலங்கரை விளக்கத்துல சார். நீங்க?"

"நாங்க துறைமுகத்துக்கு அந்தப் பக்கம்."

"அப்படியா? பார்த்துக்கலாம் சார், தைரியமாப் போங்க."

தைரியமாகத்தான் போனார். மீன் நாற்றத்துக்கும் காய்கிற வலைகளுக்கும் நடுவே நின்று கையாட்டினான் அவன்.

"நம்மளப் பார்க்கவே வந்த மாதிரி இருக்குல்ல?" என்றாள் மனைவி, காற்றில் கலைந்த முடியைச் சரிசெய்தபடி. இத்தனை வருடத்தில் கணவருக்காக அந்த முடி ஒருநாளும் சரிசெய்யப்பட்டதில்லை. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. அதை அவள் கவனிக்கவும் இல்லை.

மூன்றாவது ஞாயிறு பாறைக்கரை என்று முடிவானது. அங்கே யாரும் குளிப்பதில்லை, காவலும் கிடையாது. அலுவலகப் பெண்ணிடம் அதை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் குழாயை மூடினார். வெளியே வந்தால் மனைவி புதுப் புடவையில் நின்றாள்.

"பாறையில உட்கார எதுக்குப் புதுப் புடவை?"

"யாராவது பார்ப்பாங்கல்ல?"

"அங்க யாரு இருக்கா?"

"அதான் போய்ப் பார்ப்போமே."

போய்ப் பார்த்தார்கள். ஆளரவமற்ற கரையில் புத்தம்புது நாற்காலி, சிவப்புக் கொடி, மிதவை வளையம், அவன். புதிதாகக் காவல் போட்ட இடம் என்பதால் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்ணும் கூடவே வந்து கொடியை நட்டுக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்காரருக்குப் பொறுமை பறந்தது. மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே அந்தப் பெண்ணிடம் போனார்.

"யாரும்மா இவனை இங்க அனுப்பினது? எந்தக் கரைக்குப் போனாலும் என் பொண்டாட்டி பின்னாடியே வர்றான்! இவன் மேல புகார் குடுக்கணும்!"

லைஃப்கார்டு வாயிலிருந்த விசிலைக் கீழே விட்டான்.

"சும்மா இருங்க," என்றாள் மனைவி, லேசாக வெட்கப்பட்டு. "பாவம், ஏதோ பழைய ஞாபகம். அதுக்கு அவனை என்ன பண்ண முடியும்?"

கொடிக்கம்பத்தை விட்டுவிட்டு நிமிர்ந்த பெண்ணின் முகம் மலர்ந்தது.

"இந்தக் குரல்... வாராவாரம் போன் பண்ணி, 'அவர் இருப்பாரா, அவர் எங்க'ன்னு கேக்குற பயந்த சார் நீங்கதானா? அவர் இல்லாம உங்களால முடியாதுன்னுதான் சார், நீங்க போற கரைக்கெல்லாம் நானே அவரை அனுப்பி வெச்சேன்!"