லாபிஸ் மச்சானுக்கு இரண்டரை மணி

ஒன்பது நாள் சுவிட்சர்லாந்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவனைப் பத்தாவது நாள் வீட்டில் வைத்திருப்பது கஷ்டம். இதை என் மனைவி கலா சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அந்தக் கஷ்டமே நான்தான்.

மலேசியாவில் எங்கள் ஊரான கெலாங் பாத்தாவுக்கு வந்து இறங்கியதிலிருந்து என் வாய் 'அங்கெல்லாம்' என்ற சொல்லில்தான் திறந்தது. அங்கெல்லாம் ஹாரன் அடிக்க மாட்டார்கள். அங்கெல்லாம் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். (அங்கெல்லாம் ஒரு தட்டுச் சோற்றின் விலையைக் கேட்டுக் கடைவாசலிலேயே திரும்பி வந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.) என் மகள் யாழினி ஒருநாள் பொறுக்கமுடியாமல், "அப்பா, அங்கயே இருந்திருக்கலாம்லா!" என்றாள்.

எல்லாவற்றையும்விட என்னை மயக்கியது ஒரு காப்பி. நாங்கள் தங்கிய விடுதியின் உரிமையாளரம்மா ஒரு நாள் எங்களை மூன்று மணியிலிருந்து நான்கு மணிவரை காப்பிக்கு அழைத்தார். நான்கு அடித்ததும் எழுந்து, "வந்ததற்கு நன்றி" என்று கைகுலுக்கினார். கலாவின் கோப்பையில் பாதிக் காப்பி இருந்தது. "என்னங்க, எந்திரிக்கச் சொல்றாங்க!" என்று அவள் பதறினாள். எனக்கோ புல்லரித்துவிட்டது. விருந்துக்கு முடிவு நேரமும் சொல்கிறார்களே, இதுவல்லவா நாகரிகம்!

அடுத்த மாதமே தீபாவளி. வருகிறவர்களுக்கெல்லாம் வீட்டைத் திறந்துவைத்துச் சாப்பாடு போடும் எங்கள் திறந்த இல்ல உபசரிப்புக்குக் காலை பத்து மணிக்கு ஒருவர் வருவார், இரவு பத்துக்கு ஒருவர் வருவார், நடுவில் வந்தவர் சோபாவிலேயே தூங்கிவிடுவார். கிடங்கில் சரக்கு லாரிகளுக்கு நேரம் ஒதுக்குவதுதான் என் உத்தியோகம். லாரிக்கு முடிவது சொந்தக்காரனுக்கு முடியாதா என்று உட்கார்ந்து அட்டவணை போட்டு, அவரவர் நேரத்தைச் சொல்லியும் வைத்தேன். ஆளுக்கு முக்கால் மணி நேரம். ஸ்கூடாய் அக்கா குடும்பம் 11.00. பெக்கோக் செல்வம் குடும்பம் 11.45. இப்படியே போய், அரைமணி இடைவெளி விட்டு, லாபிஸ் மச்சான் 2.30 முதல் 3.15 வரை.

அந்தக் கடைசிப் பெயரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லாபிஸ் ஊரில் இருக்கும் கலாவின் அண்ணன் ராமையா. அப்பா இல்லாத தங்கையைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவர். அதற்கு மூன்று வருடம் முன் நாங்கள் புதுவீடு புகுந்தபோது, எல்லாருக்கும் அனுப்பியதுபோல அவருக்கும் வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பிவிட்டேன். வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய் அழைக்க வேண்டிய மனிதர். அவர் சண்டை போடவில்லை, திட்டவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். அதன்பிறகு எங்கள் வாசலை மிதிக்கவேயில்லை. இந்தத் தீபாவளிக்குக் கலா போனில் அழுது ஒருவழியாகச் சம்மதிக்க வைத்திருந்தாள். அவரோடு நிதானமாகப் பேச வேண்டுமென்றுதான் கூட்டம் ஓய்ந்த நேரத்தை ஒதுக்கினேன். என் எண்ணம் தங்கம்தான். புத்திதான் தகரம்.

தீபாவளியன்று பத்துமணிக்குச் சற்று முன் வெளிக்கதவில் அட்டவணையை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பழைய கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டி, கையில் முறுக்கு டின். மச்சான்!

"வாங்க மச்சான், வாங்க! சீக்கிரம் வந்துட்டீங்களே, உங்களுக்கு ரெண்டரைக்கில்ல போட்டுருக்கேன்!"

விளையாட்டாகத்தான் சொன்னேன் என்று இன்றுவரை சாதிக்கிறேன். கலா இன்றுவரை நம்பவில்லை.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். "ஆமா மாப்ள, நாந்தான் கவனிக்கல" என்றார். டின்னோடு திரும்பிப் போய்க் காரில் உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

வேறு எந்த மனிதனும் ஓடிப்போய்க் கையைப் பிடித்திருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'மச்சானுக்கு எவ்வளவு பண்பு, அப்படியே சுவிட்சர்லாந்து!' என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்க் கிளாஸ் துடைத்தேன்.

பதினொன்றுக்கு அக்கா குடும்பம் வந்தது. ஆனால் உள்ளே வரவில்லை. அக்கா வெளிக்கதவில் நின்று, "ஏண்டா, லாபிஸ் அண்ணன் வெளிய உக்காந்திருக்காரு, அவர தாண்டிக்கிட்டு நாங்க எப்படிடா உள்ள வர்றது?" என்று கேட்டுவிட்டு, அவர் காருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். செல்வம் வந்தான். அவனும் அங்கேயே நின்றான். மூத்தவர் ரோட்டில் இருக்க இளையவர் இலையில் உட்காரமாட்டார்களாம். அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம் போட மறந்துவிட்டேன்.

சமையலறை ஜன்னல் வழியாகக் கலா பார்த்துவிட்டாள்.

"அண்ணன் எப்ப வந்தாரு?"

"பத்துக்கு முன்னாடி."

"இப்ப மணி என்ன?"

"பன்னெண்டு."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கரண்டியை வைத்துவிட்டு வெளியே ஓடினாள். அவர் தங்கையின் தலையைத் தடவி, "இல்ல பாப்பா, மாப்ள நேரம் போட்டுருக்காரு. நாம கெடுக்கக்கூடாது" என்றது எனக்கும் கேட்டது. கலா திரும்பி வந்து, கோழிப் பிரட்டல் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வெளியே போனாள். இந்த முறை உள்ளே வரவில்லை.

அதற்குள் ஏழெட்டுக் கார் சேர்ந்துவிட்டது. நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் எதிர்வீட்டு மலாய்க்கார அத்தை, "அலாமாக்!" என்று கன்னத்தில் கைவைத்தார். வீட்டில் ஏதோ கெட்டது நடந்துவிட்டதென்றே நினைத்துவிட்டார் போலும். விஷயம் தெரிந்ததும் சிரித்து முடித்துவிட்டு, தன் மகனின் கல்யாணத்துக்கு வாங்கிய கூடாரத்தையும் நாற்காலிகளையும் ரோட்டோரம் போடச் சொன்னார். ஒரு வாளி நிறைய ரோஸ் சிரப் தண்ணீர் வந்தது. பாட்டு வந்தது. என் திறந்த இல்ல உபசரிப்பு, இல்லத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அமோகமாக நடந்தது. நான் மட்டும் உள்ளே, துடைத்த கிளாஸ்களோடு உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் கம்பி வழியாக யாழினி ஒரு தட்டை நீட்டினாள். "அப்பா, உங்களுக்கு எந்த ஸ்லாட்?"

அவமானத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அவர் இப்படியே காரைத் திருப்பிவிட்டால் கலா என்னை எந்தக் காலத்திலும் மன்னிக்கமாட்டாள். நானும்தான். அட்டவணையைக் கிழித்தெடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"மச்சான், என் தப்புதான். உள்ள வாங்க."

அவர் எலும்பைக் கடித்துக்கொண்டே நிமிர்ந்தார். "அன்னிக்கி வாட்ஸ்அப்புல கூப்பிட்டீங்க, வரல. இன்னிக்கி எனக்குன்னு ஒரு நேரத்த ஒதுக்கிக் கூப்பிட்டுருக்கீங்க. வராம இருப்பேனா? ஆனா நேரத்துக்குத்தான் வருவேன்."

வந்தார். சரியாக இரண்டரைக்கு எழுந்து கைகழுவி, வேட்டியைச் சரிசெய்து, வலதுகாலை எடுத்துவைத்து உள்ளே வந்தார். அவர் பின்னால் நாற்பது பேரும் ஒரே ஸ்லாட்டில் வந்தார்கள். கலா அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. (வெங்காயம் என்று சொல்லிவைத்தேன். வெங்காயமெல்லாம் அப்போது ரோட்டில் இருந்தது.)

மூன்றேகாலுக்கு மச்சான் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். செருப்பைக் காணவில்லை. அதை ஒளித்துவைத்தவன் நான்தான், அரிசி டின்னுக்குப் பின்னால். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

கிழிந்த அட்டவணையை அவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இப்போது அது பிளாஸ்டிக் உறை போட்டு லாபிஸ் வீட்டுக் கூடத்தில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. போன தீபாவளிக்கு நாங்கள் அங்கே போனோம். தட்டோடு வந்து அழைத்திருந்தார். கலாவும் யாழினியும் உள்ளே போய்விட்டார்கள். நான் கதவைத் தொட்டதும் உள்ளிருந்து குரல் வந்தது.

"மாப்ள, உங்களுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு!"

வீடே சிரித்தது. நானும் மானஸ்தன்தானே, போய்க் காரில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் பக்கத்துக் கதவு திறந்தது. ஒரு தட்டு முறுக்கோடு மச்சான் ஏறி உட்கார்ந்தார். பத்து நிமிடம் முடிந்து வெகுநேரமாகியும் நாங்கள் இரண்டு பேரும் இறங்கவில்லை.