முந்நூறு வருஷக் கோணல்

கிண்ணத்தைச் சில்லுத் தொட்டியில் போட்டு உடைத்த பிறகுதான், அது வெள்ளை விரிப்பு விரித்த மேசை மேல் இருந்தது என்பது நொட்டைக்காரிக்கு உறைத்தது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தக் கண்ணாடித் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. ஊதி, ஆறி வருகிற ஒவ்வொரு சாமானையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். குமிழோ கோணலோ இருந்தால் அங்கேயே சில்லுத் தொட்டியில் ஓங்கி ஒரு போடு. சில்லு மறுபடி உலைக்குப் போய் உருகும். பழுது ஒன்றுகூட முழுசாக வாசலைத் தாண்டக் கூடாது என்பது அங்கே சட்டம். நொட்டை சொல்லியே சம்பளம் வாங்குகிறவள் என்பதால்தான் அந்தப் பட்டப்பெயர்.

மேசையில் இருந்த கிண்ணம் கோணல். அடியில் வேறு வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. கை தானாகப் போய்விட்டது.

வருஷா வருஷம் அங்கே கண்ணாடித் தொழிலின் கதையைப் பற்றி ஐந்து நாள் சொற்பொழிவு நடக்கும். அன்று கடைசி நாள். பொட்டலம் கட்டும் கூடத்தைக் கழுவி நாற்காலி போட்டிருந்தார்கள்.

முதலாளி உள்ளே வந்தார். "மியூசியத்துலேருந்து அந்தப் பழைய கிண்ணம் வந்துடுச்சா? ஏழு மணிக்கே அனுப்பிடறேன்னாங்க. முந்நூறு வருஷத்துப் பொருள்!"

அவள் காலி மேசையைப் பார்த்தாள்.

"என்ன முழிக்கிறே? வந்துச்சா இல்லையா?"

"வந்துடுச்சுங்க."

"எங்கே?"

"தூசியா இருந்துச்சு. துடைச்சுப் பூட்டி வச்சிருக்கேன்."

"பரவால்லையே, உனக்கும் பொறுப்பு வந்துடுச்சே!" முதலாளி வாசல் பக்கம் திரும்பிக் கத்தினார். "காவலு! எல்லாம் வந்தாச்சு. பேச்சு முடியற வரைக்கும் சாமான் வண்டி ஒண்ணுகூட உள்ளே வரக் கூடாது. தூசி ஆகாது!"

போகிற போக்கில் ஒரு அழைப்பிதழை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார். அதில் கிண்ணத்தின் படம். விளிம்பில் நீலக் கோடு. அவள் உடைத்ததைவிடக் கொஞ்சம் லட்சணமாகவே இருந்தது. போட்டோவில் யார்தான் லட்சணமாக இல்லை?

நேரே உலைக்கு ஓடினாள். அங்கே தலைமை ஊதுகாரர் அவளுடைய சொந்த அண்ணன்.

"அண்ணே, என் வேலை போச்சு."

"எதை உடைச்சே?"

"முந்நூறு வருஷத்தை."

அண்ணன் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டார். அவள் முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தபோதே சில்லுத் தொட்டியை உலையில் கொட்டியிருந்தார்கள்; சரக்கு பாதி உருகியிருந்தது. ஒட்டவைக்கவும் வழியில்லை.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பேச்சு. இதே மாதிரி ஒண்ணு ஊதிக் குடுண்ணே."

"இந்தக் கேவலத்தையா?" என்றார் படத்தைப் பார்த்து. தங்கைக்காக ஊதினார். வட்டம் போட்டு வரைந்த மாதிரி வந்தது.

"கோணலா ஊதுண்ணே!"

"கோணலாத்தான் ஊதினேன்!"

இரண்டாவது, கல்யாணப் பரிசாகக் கொடுக்கலாம் போலிருந்தது. மூன்றாவது அதைவிட அழகு.

"முப்பது வருஷக் கை, தங்கச்சி. செத்தாலும் தப்பா வராது."

அப்போது முதலாளி எட்டிப் பார்த்தார். "இன்னிக்குப் பேச வர்ற பேராசிரியர் போன் பண்ணார். கிண்ணத்தைச் சும்மா பார்க்க மாட்டாராம். கையில வாங்கித் தட்டிப் பார்த்துத்தான் பேசுவாராம்!"

அவர் தலை மறைந்ததும் டீக்காரர் தலை நீட்டினார். "வீட்டுலேருந்து சர்க்கரைக்குன்னு ஒரு கிண்ணம் கொண்டாந்தேன். யாராச்சும் பார்த்தீங்களா?"

"இங்கே உயிர் போவுது, உங்களுக்குச் சர்க்கரையா?" என்று அவரை விரட்டினாள். வாசலில் வேறு யாரோ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மணி பத்து. அண்ணன் கையிலிருந்து ஊதுகுழலைப் பிடுங்கினாள்.

"நீயா? முதலாளி பார்த்தா?"

போன மாதம்தான் அவள் முதலாளியிடம் ஊதுகிற வேலை கேட்டிருந்தாள். "நொட்டை சொல்ற வாய் வேற, ஊதற வாய் வேற" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

"போற வேலைதானே அண்ணே. ஒருதரம் ஊதிட்டே போறேன்."

பதினெட்டு வருஷம் பழுதையே பார்த்த கண். எந்தக் குமிழ் ஈரக்கட்டை பட்டு வந்தது, எந்தச் சரிவு குழலைச் சுழற்றாமல் இரண்டு எண்ணிக்கை சும்மா நின்றதால் வந்தது, எந்த வரி அவசரமாகக் கண்ணாடிக் குழம்பை அள்ளியதால் விழுந்தது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஊதினாள். ஈரக்கட்டையால் தொட்டாள். சுழற்றினாள், நிறுத்தினாள், ஒன்று, இரண்டு. இடது பக்கம் விளிம்பு சாய்ந்தது. நீல இழையை மேலே ஓடவிட்டாள்.

அண்ணன் படத்தையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அடிப்பாவி" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வந்து யாரும் கேட்டதில்லை.

ஆறவைக்கும் அடுப்பிலிருந்து அரை மணி முன்னதாகவே எடுக்க வேண்டியதாயிற்று. அரைகுறையாக ஆறிய கண்ணாடி ஒரு தட்டுக்குத் தாங்காது. அவளுக்கு அது தெரியும்.

கூடம் நிரம்பியிருந்தது. பேராசிரியர் கிண்ணத்தைக் கையில் எடுத்து, நகத்தால் ஓங்கிச் சுண்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ணங்ங்ங்!

கோயில் மணி தோற்றது.

"இந்தச் சரிவைப் பாருங்கள்" என்றார் பேராசிரியர், குரல் தழுதழுக்க. "இது பிழையல்ல, துணிச்சல்! இந்தக் குமிழ்களுக்குள் அடைபட்டிருப்பது முந்நூறு வருடத்து மூச்சு!"

காலையில் குடித்த டீயின் மூச்சு என்று நினைத்தாள் நொட்டைக்காரி.

"இன்று உயிரோடிருக்கும் எந்தக் கையாலும் இப்படி ஒன்றைச் செய்ய முடியாது. எழுதியே தருகிறேன்!" விருந்தினர் புத்தகத்தை வாங்கி அப்படியே எழுதி, கையெழுத்தும் போட்டார். கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. பின்வரிசையில் அண்ணன் மூக்கைச் சிந்தினார். அவளுக்கு நெஞ்சு விம்மியது. இனி வேலை போனால்தான் என்ன?

மேடையிலிருந்த முதலாளி அவளைப் பார்த்து விரலை நீட்டினார். "பார்த்துக்க! இதுக்குப் பேருதான் ஊதறது. நீயும் ஊதறேன்னு வந்து நின்னியே!"

கூடம் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அப்போது, பேச்சு முடிந்துவிட்டதென்று காவலாளி கூடத்துக் கதவைத் திறந்துவிட, முத்திரை வைத்த மரப்பெட்டியை மார்போடு அணைத்தபடி வியர்த்து வழிய ஒரு வேன் டிரைவர் உள்ளே வந்தார்.

"காலையிலேருந்து வாசல்ல ஹாரன் அடிச்சே கை செத்துப்போச்சுங்க. மியூசியத்துக் கிண்ணம். யாராச்சும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்களேன்!"