ஒரு வேலைக்கு இரண்டு மொட்டை

வேலை கிடைத்த கதையைக் கேட்டால் என் வயதுக்காரர்கள் மதிப்பெண்ணைச் சொல்வார்கள், சிபாரிசைச் சொல்வார்கள், அடக்கமானவர்கள் அதிர்ஷ்டம் என்பார்கள். எனக்குக் கான்பூரில் வேலை கிடைத்தது என் அப்பா இறந்துபோனதால். அவர் இறந்த நேரத்தில், அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் திருத்தணியில் பி.ஏ. முடித்து, தட்டச்சு, சுருக்கெழுத்து இரண்டிலும் ஹையர் தேறி, கல்யாணமும் செய்துகொண்டு, வேலையில்லாமல் இருந்தேன். (வரிசை தப்பு என்பது இப்போது தெரிகிறது.) மனைவி மாசமாகப் பள்ளிப்பட்டில் தாய் வீட்டில் இருந்தாள். வடக்கே பெரிய ஊர்களில் மதராஸ் ஸ்டெனோ என்றால் மதிப்பு, போய் இறங்கித் தேடிக்கொள்ளலாம் என்று மாமனாரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"மொதல்ல வேலைய கையில வாங்குங்க மாப்ள. அப்புறம் காசிக்கு வேணாலும் போங்க, பொண்ணை அனுப்பி வெக்கிறேன். வேலை தேடிகினு இருக்கிறவரோட ரயில் ஏத்தி அனுப்ப அவ இன்னா பார்சலா?"

குழந்தை பிறப்பதற்குள் வேலை கிடைக்காவிட்டால் அவள் பள்ளிப்பட்டிலேயே தங்கிவிடுவாள் என்ற பயத்தில், ஆங்கிலப் பத்திரிகையில் வந்த விளம்பரங்களுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டேன். கான்பூரில் ஒரு துணி மில்லிலிருந்து மட்டும் நேர்முகத்துக்கு வரச்சொன்னார்கள். வேலை கிடைத்தால் அப்பனும் பிள்ளையும் மொட்டை போட்டுக்கொள்வார்கள் என்று அம்மா மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டாள். (வேண்டுதல் அவளுடையது. முடி எங்களுடையது.)

வேலை கிடைத்த பிறகு போடவேண்டிய மொட்டை. அதை முன்னுக்குத் தள்ளியவர் நைனா. எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். மலையடிவாரத்தில் தேங்காய், பூ, கற்பூரம் விற்கும் கடை வைத்திருந்தார். முருகனோடு தினமும் வியாபாரம் செய்தவர் என்பதால் எதையும் முன்யோசனையோடுதான் செய்வார்.

"வேலை கெடச்சா நீ அங்கயே இருந்துடுவ. மொட்டை போடணும்னு சொன்னா லீவு குடுப்பானா? இப்பவே போட்டுகினு போயிடு."

"இன்டர்வியூவுக்கு மொட்டையோடவா நைனா?"

"ஏன்டா, ஸ்டெனோன்னா முடியிலயா எழுதப் போற?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். (படித்தவன் என்று பெயர்.) மலை மேல் இருவரும் தலையைக் கொடுத்தோம். எங்கள் பக்கமும் கருமாதிக்கு முடி எடுப்பது உண்டு. ஆனால் திருத்தணியில் கோவிலிலிருந்து இறங்கும் பஸ் முழுக்க மொட்டையாக இருக்கும். அந்தத் தலைகளைப் பார்த்து யாருக்கும் சாவு நினைவுக்கு வராது. எல்லா ஊரும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். கல்லூரியில் இந்தி வேண்டாம் என்று ஊர்வலம் போனவன் நான். இந்தி பேசுகிறவர்கள் ஊரில் என்ன வழக்கம் என்று விசாரித்துவிட்டுப் போகவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

நைனா கூடவே வந்தார். "அவ்ளோ தூரம் தனியா போயி காணாப் பூட்டன்னா உங்க மாமனாருக்கு யார் பதில் சொல்றது?" சென்னை போய் வண்டி மாறி, போய்க்கொண்டே இருந்தோம். ரயிலில் எனக்கு உறக்கமில்லை. சக்கரச் சத்தம் எனக்கு யாரோ டிக்டேஷன் கொடுப்பதுபோலக் கேட்டது. விரல்கள் தொடையில் சுருக்கெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தன. எதிர் இருக்கைக்காரர் எனக்கு வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தை எடுத்து வைத்துக்கொண்டார். நைனா மட்டும் நன்றாகத் தூங்கினார்.

கான்பூரில் இறங்கியதிலிருந்தே எங்கள் இருவரையும் பார்த்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் எங்கள் தலைகளைப் பார்த்துவிட்டுப் பாட்டு பாடிய ரேடியோவை நிறுத்தினார். "மரியாத தெரிஞ்ச ஊருடா" என்றார் நைனா. மில் வாசலில் என் தலைக்குப் புதிதாகச் சந்தனம் குழைத்துப் பூசிவிட்டு, காரிடார் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

நேர்முகத்துக்கு வந்தவர்களில் கடைசியாக மிஞ்சியது இரண்டு பேர். ஒருவர் சுருட்டை முடி மலையாளி. தகரக் கூரையில் மழை பெய்வதுபோல டைப் அடித்தார். நான் டிக்டேஷன் எடுக்கக் குனிந்ததும் வியர்வையில் சந்தனம் கரைந்து நோட்டில் சொட்டியது. நான் போட்ட கோடுகளும் முருகன் போட்ட புள்ளிகளும் கலந்துவிட்டன. திரும்பப் படிக்கச் சொன்னபோது, 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்பதற்கு மேல் என்னால் எதையும் படிக்க முடியவில்லை. பள்ளிப்பட்டில் மாமனார் கதவைச் சாத்தும் சத்தம் என் காதில் கேட்டது.

மானேஜர் நடுத்தர வயதுக்காரர். மலையாளியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என் தலையையே பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

"அப்பாவுக்கு என்ன வயது?"

"ஐம்பத்திரண்டு, சார்."

"மிகவும் சின்ன வயது" என்று கண்ணை மூடித் திறந்தார். "என் அப்பா போனபோது நானும் உன்னைப்போலத்தான் இருந்தேன். மொட்டைத் தலையோடு வேலை கேட்டு அலைந்தேன்."

அப்போது புரிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியே முழுவதும் புரிந்துவிட்டது. 'சார், அவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார்' என்ற வாக்கியம் இலக்கணப் பிழையில்லாமல் ஆங்கிலத்தில் என் நாக்கு நுனிக்கு வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலைதான் எனக்காகப் பேசியது.

"கவலைப்படாதே. வேலை உனக்குத்தான்" என்றார்.

தோளில் கைபோட்டு என்னை வெளியே அழைத்து வந்தார். காரிடாரில் நைனா வேர்க்கடலைப் பொட்டலத்தோடு எழுந்து நின்றார். இன்னொரு மொட்டையைப் பார்த்ததும் மானேஜர் நின்றுவிட்டார்.

"இவர்?"

"அப்பாவின் தம்பி, சார்." (ஒரு கொலையை மறைக்க ஒரு பிறப்பு.)

மானேஜர் நைனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு இந்தியில் தழுதழுத்தார். நைனா கையை விடுவித்துக்கொள்ளாமலே என்னைப் பார்த்தார்.

"இன்னாடா சொல்றாரு? வேலை குடுத்துட்டாரா, இல்லியா?"

"குடுத்துட்டார் நைனா. ஆனா நீ செத்துட்ட" என்றேன், மலையாளிக்குக் கேட்காத குரலில்.

"ஆங்?"

"மொட்டையப் பாத்து அப்பிடி நெனச்சிகினாரு. நான் ஒண்ணும் சொல்லல. நீ இப்போ எங்க சித்தப்பா."

நைனாவின் முகத்தில் ஒன்று வந்து போனது. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. பிறகு கேட்டார்: "வேலை நெசந்தானே?"

"நெசந்தான்."

கடலைப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அண்ணா! இந்தப் புள்ளைய உட்டுட்டுப் பூட்டியே அண்ணா!"

அவருக்கு அண்ணனே கிடையாது. ஆனால் அழுத அழுகையில் மானேஜர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். பெஞ்சின் மறு கோடியில் இருந்த மலையாளி எழுந்து நின்று கைகூப்பினார். அந்த வேலை நியாயமாக அவருடையது. அவர் கூப்பிய கையைப் பார்க்க முடியாமல் நான் சுவரைப் பார்த்தேன். துண்டுக்குள்ளிருந்து நைனாவின் குரல் வந்தது: "போதுமாடா, இன்னும் கொஞ்சம் அழுவட்டுமா?"

மானேஜர் எங்களைப் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனார். அவருடைய அம்மா முதலில் ஒரு தட்டு நிறையச் சுடச்சுட ஜிலேபி கொண்டுவந்து வைத்தார். நைனாவுக்கு இனிப்பென்றால் உயிர். கை நீட்டிவிட்டார். மானேஜர் அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் உச்சுக்கொட்டிக்கொண்டே தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டு, அதற்குப் பதில் உப்பில்லாத பருப்பும் சோறும் கொண்டுவந்தார். துக்கத்தில் இருப்பவர்களுக்கு அவர்கள் வழக்கம் அது.

"டேய்" என்றார் நைனா, பருப்பைப் பிசைந்துகொண்டே. "நான் செத்ததுக்கு நானே பத்தியம் இருக்கணுமா?"

காரியங்களை முடித்துவிட்டு வந்து சேரச்சொல்லி வேலை உத்தரவை என் கையில் கொடுத்தார் மானேஜர். திரும்பும் வண்டியில் நைனா மிச்சக் கடலையைத் தின்று முடித்தார். பாதி வழியில்தான் கேட்டார்.

"நான் பூட்டேன், சரி. நான் பூட்டா உங்க அம்மா இன்னாவா ஆவா? அத யோசிச்சியாடா?"

நான் யோசிக்கவில்லை. வேலையை யோசித்தேன், மாமனாரை யோசித்தேன், பிறக்கப்போகும் பிள்ளையை யோசித்தேன். அம்மாவின் நெற்றியில் இருந்த பொட்டு என் நினைவுக்கே வரவில்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா முதலில் சிரித்தாள். அடுப்படிக்குப் போனவள் திரும்பி வந்து கேட்டாள்: "அப்போ நான் உன் ஊட்டுக்கு வர்றதுன்னா பொட்டு இல்லாமதான் வரணுமா?" நான் சமாதானமாக ஏதேதோ சொன்னேன். அவள் வரவேயில்லை. கான்பூரில் எனக்கு இரண்டு குழந்தைகள் வளர்ந்தன. நைனா மட்டும் சித்தப்பாவாக வந்து போனார். என் பிள்ளைகளுக்கு அவர் சின்னத் தாத்தா. பெரிய தாத்தா எங்கே என்று அவர்கள் கேட்டால், "அவரு மொட்டை போட்டுகினு காணாமப் பூட்டாரு" என்பார்.

உண்மையைச் சொல்லிவிட ஒவ்வொரு வருடமும் நினைத்தேன். ஆனால் மானேஜர் புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, தந்தையை இழந்தும் தளராத பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தார். வருடா வருடம் அப்பாவின் திதி என்று அவரே லீவும் கொடுப்பார். ஒரு வருடம் அந்த லீவில்தான் நைனாவை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனேன்.

எண்பதுகளில் நைனா நிஜமாகவே போனார். தந்தி வந்ததும் சித்தப்பா இறந்துவிட்டார் என்று சொல்லி லீவு கேட்டேன். சித்தப்பாவுக்குக் கொடுக்கிற லீவைத்தான் கொடுத்தார்கள். கருமாதி முடிந்த கையோடு ரயிலேறி, மொட்டைத் தலையோடு போய் மானேஜர் முன் நின்றேன். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. வெகுநேரம் பார்த்தார்.

"சித்தப்பாவுக்கு மொட்டையா?" என்றார். பிறகு தானே தலையசைத்துக்கொண்டார். "சரிதான். அப்பாவைப்போல இருந்தவர்."

"ஆமாம், சார்" என்றேன்.

அந்த வருடக் கடைசியில் அம்மா முதல் தடவையாகக் கான்பூருக்கு வந்தாள். ரயிலிலிருந்து இறங்கி, வெறும் நெற்றியோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இப்பத்தான்டா உங்க ஆபீசு கணக்குக்கு நான் சரியா இருக்கேன்."

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் திருத்தணிக்கே வந்துவிட்டேன். பிள்ளைகளிடம் உண்மையையும் சொல்லிவிட்டேன். நைனாவின் திதியன்று என் மகள் படையலுக்கு இரண்டு இலை போடுகிறாள். ஒன்று தாத்தாவுக்கு, ஒன்று சின்னத் தாத்தாவுக்கு. சின்னத் தாத்தா இலைக்கு ஒரு தட்டு ஜிலேபி மட்டும்தான். வீடே சிரிக்கும். நான் அந்தத் தட்டை இலைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைப்பேன்.