பரிணாமப் பாடமும் என் அப்ரூவலும்

ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு நல்ல பிள்ளையாக இருக்க நினைப்பவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். அந்த இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவிடாதீர்கள்.

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது கும்மிடிப்பூண்டியில், ஒரு கிறிஸ்தவ சபை நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளியில். பத்தாம் வகுப்புக்கு அறிவியல். இந்த மாதிரிப் பள்ளிகளில் ஆளை எடுப்பது சபை, சம்பளம் கொடுப்பது அரசாங்கம். நடுவில் அப்ரூவல் என்று ஒன்று உண்டு. கல்வித்துறை நம் நியமனத்தை ஒப்புக்கொண்டால்தான் சம்பளம். அதுவரை காலையில் ரயிலேறிப் போய்ப் பாடம் நடத்திவிட்டு, சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வரும் கூட்டத்தில் நசுங்கித் திரும்புவதெல்லாம் சும்மாதான். (அம்மா அதை ‘ஊழியம்’ என்பார். உருக்காலையில் வேலை பார்க்கும் அப்பா வேறு ஒரு வார்த்தை சொல்வார். அதை இங்கே எழுத முடியாது.)

பள்ளியின் தாளாளர் எங்கள் சபைப் போதகர். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரே அவர்தான். பரிணாமப் பாடம் நெருங்கியபோது என்னைக் கூப்பிட்டார். கோபமெல்லாம் இல்லை. மேஜை மேலிருந்த மிக்சர் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, ஆண்டவர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்ததிலிருந்து பாடத்தை ஆரம்பிக்கும்படி சொன்னார். பிள்ளைகள் மனதில் அதுதான் பதிய வேண்டுமாம். புத்தகத்தில் இருப்பது பரீட்சைக்கு மட்டும். நான் “சரிங்கய்யா” என்றேன்.

மறுநாள் தலைமையாசிரியை கூப்பிட்டார். கல்வித்துறை அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார், உன் அப்ரூவல் அவர் கையில்தான் இருக்கிறது, புத்தகத்தைத் தாண்டி ஒரு வார்த்தை பேசாதே என்றார். அவரிடமும் “சரிங்கம்மா” என்றேன். விலங்கியலில் முதல் வகுப்பில் தேறிய மூளைக்கு, இந்த இரண்டு ‘சரி’யும் ஒரே வகுப்பறைக்குள் நுழையப்போகின்றன என்பது உறைக்கவே இல்லை.

அதற்குப் பதிலாக ஒரு திட்டம் உதித்தது. (அன்று அதை ராஜதந்திரம் என்று நினைத்தேன்.) பிள்ளைகளுக்கு ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொல்லிக்கொடுத்தேன். மனிதன் எப்படித் தோன்றினான் என்று அதிகாரி கேட்டால் பல லட்சம் ஆண்டுகள், இயற்கைத் தேர்வு, பொது மூதாதை. பாஸ்டர் ஐயா கேட்டால் ஆறாம் நாள், மண், ஜீவசுவாசம். பிள்ளைகள் இரண்டையும் கடகடவென்று மனப்பாடம் செய்தார்கள். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. வகுப்பில் முதலாவதாக வரும் நிர்மலா இரண்டையும் கமா, முற்றுப்புள்ளியோடு ஒப்பித்தாள்.

பார்வையிடும் நாளில் பாஸ்டர் பள்ளிக்கு வருவதே கிடையாது என்பதுதான் என் தைரியம். அன்று வந்தார். அதிகாரிக்குச் சால்வை போர்த்தினார். அதோடு போகாமல் அவரோடு பேசிக்கொண்டே என் வகுப்புக்குள் வந்து, கடைசி பெஞ்சில் அவர் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் ஆரம்பித்தேன். “ஆதியிலே…” என்றதும் அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்தார். “…ஆதியிலே கடலில் ஒரு செல் உயிரிகள் இருந்தன” என்று முடித்தேன். பாஸ்டர் தொண்டையைச் செருமினார். “அதையும் ஒருவர் உண்டாக்கியிருக்கலாம்” என்றேன். அதிகாரி பேனாவைத் திறந்தார். “இல்லாமலும் இருக்கலாம்” என்றேன். என் முதுகில் புடவை ஒட்டிக்கொண்டது.

இதற்கு மேல் என்னைக் கேட்டுப் பயனில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். அதிகாரி நிர்மலாவை எழுப்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். அவள் பொது மூதாதை வரை அழகாகச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. பாஸ்டர் முகம் வாடியது. உடனே அவர் அதே கேள்வியை அன்பாகத் திரும்பக் கேட்டார். நிர்மலா மூச்சு விடாமல் மண்ணையும் ஜீவசுவாசத்தையும் சொன்னாள்.

அதிகாரி, இப்போதுதானே வேறு ஒன்று சொன்னாய் என்றார்.

“நீங்க கேட்டா அத்த சொல்லணும் சார். பாஸ்டரய்யா கேட்டா இத்த சொல்லணும். டீச்சர் அப்புடித்தான் சொல்லிக்குடுத்துகிறாங்க.”

“உங்க டீச்சர் கேட்டா?”

நிர்மலா என்னைப் பார்த்தாள். பாவம், உண்மையாகவே யோசித்தாள்.

“டீச்சருக்கு அது இன்னும் தெரில சார்.”

அடுத்த காட்சி தலைமையாசிரியை அறை. அரசாங்கம் சம்பளம் தருவது அரசாங்கப் பாடத்துக்குத்தான், மற்றதை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. எங்கள் ஜனங்களை எந்தப் பள்ளியிலும் சேர்க்காத காலத்தில் சபைதான் கூரை போட்டுச் சொல்லிக்கொடுத்தது, அப்போது அரசாங்கம் எங்கே போயிருந்தது என்றார் பாஸ்டர். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகப் பட்டது. (என் வியாதியே அதுதான்.) என் அப்பாவுக்கு எழுத்தறிவித்தது அந்தக் கூரை. எனக்குச் சம்பளம் தரப்போவது இந்தக் கையெழுத்து.

திடீரென்று இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

“நீ சொல்லும்மா,” என்றார் பாஸ்டர். “நீ எத நம்புற?”

யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. வாய் முந்திக்கொண்டது.

“அப்ரூவல் வரட்டும்யா. அப்பறம் சொல்றேன்.”

தலைமையாசிரியை நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி தண்ணீர் குடித்தார். முதலில் சிரித்தது பாஸ்டர். நாற்காலி குலுங்கச் சிரித்தார்.

அப்ரூவலுக்கு முன்னால் அதிகாரி ஒரு நிபந்தனை போட்டார். மறுநாள் அவர் முன்னிலையில் அதே பாடத்தை முழுசாக, ஒரே பதிலோடு நடத்த வேண்டும். பாஸ்டரும் வந்து உட்கார்ந்தார். நான் புதைபடிவங்களிலிருந்து தொடங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் நடத்தினேன். பாதியில் பிள்ளைகள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். குரங்கு இப்போது ஏன் மனுசனாக மாறவில்லை என்று நிர்மலா மடக்க, மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் டீச்சரானது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். பாஸ்டர் ஒரு வார்த்தையையும் நம்பவில்லை, தடுக்கவும் இல்லை. அந்த ஞாயிறு பிரசங்கம் முழுக்க ஆதியாகமம். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

அப்ரூவல் வந்தது. நான் எதை நம்புகிறேன் என்பது இப்போது எனக்குத் தெளிவாகத் தெரியும். கேட்கத்தான் ஆளில்லை.

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம். நடத்திவைத்தவர் அதே பாஸ்டர். இவரைக் கணவராக ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பாஸ்டர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார். மைக் ஆனில் இருந்ததை அவர் மறந்துவிட்டார்.

“அப்ரூவல் எல்லாம் வந்துருச்சும்மா. சொல்லு.”

வீடியோவில் அந்த இடத்தில் நான் சொன்ன ‘ஆம்’ யாருக்கும் கேட்காது. அப்பாவின் சிரிப்புதான் கேட்கும். அதனால் நான் சம்மதம் சொன்னதற்கு ஆதாரமே இல்லை என்று என் கணவர் இன்றுவரை வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அதைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறார்.