விரல்நகம் அளவு நீலம்

"மாமி, இண்டைக்கு மீன் பொரியல விட்டிரலாமா?" என்று அஹ்ஸன் கேட்டபோது சட்டியில் எண்ணெய் காய்ந்துவிட்டது.

ஹாஜறா மாமி மறுபேச்சில்லாமல் அடுப்பை அணைத்தார். சாய்ந்தமருதில் பெண்ணைக் கட்டியவன் பெண் வீட்டுக்குத்தான் குடிவருவான். வந்த மருமகன் சொல்லுக்கு அந்த வீட்டில் எதிர்ச்சொல் கிடையாது.

"பொரியலுக்கும் ஒங்கட வெளிச்சத்துக்கும் என்ன?" என்று மனைவி ஆதிலாதான் கேட்டாள்.

"புகை, ஈரம், உப்புக் காத்து எல்லாமே அதுக்கு நஞ்சு."

அது என்றால், சாப்பாட்டு மேசையில் கிடந்த விரல்நகம் அளவு கண்ணாடித் துண்டு. அதன்மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிய சேதனச் சேர்வைப் படலங்கள், கரிமப் பொருளால் பூசியவை. மின்சாரம் கொடுத்தால் படலமே ஒளிரும். சிவப்பும் பச்சையும் சொன்ன பேச்சுக் கேட்கும். நீலம் மட்டும் மங்கலாக எரியும், சீக்கிரமாகச் சாகும். உலகத்துப் பெரிய ஆய்வுகூடங்களெல்லாம் இந்த நீலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளன் அஹ்ஸனும் தன் பங்குக்கு மல்லுக்கட்டினான்.

நாட்டில் சண்டை முடிந்து பாதைகள் திறந்த வருடம் அது. ஆய்வுகூடங்களை மதிப்பிடும் பேராசிரியர் கலாராணி கண்டியிலிருந்து நேரில் பார்க்க வருவதாக அறிவித்திருந்தார். நல்ல நீலம் எரிந்தால் ஆய்வுகூடம் அஹ்ஸனிடம் நிற்கும். எரியாவிட்டால் அந்த அறையில் பரீட்சைப் பேப்பர் அடுக்குவார்கள்.

வெளிச்சம் அளக்கும் கருவியோ திருத்த வேலைக்குக் கொழும்புக்குப் போனது போனதுதான். ஆக, கண்தான் அளவுகோல். அந்தக் கண்ணை அவன் பொத்திப் பொத்திப் பாதுகாத்தான். ஹஜ்ஜுப் பெருநாளன்று காலை, அவனுடைய மேசையில் ஒரு புது மூக்குக்கண்ணாடி மடித்து வைக்கப்பட்டிருந்தது. சாடையான பொன்னிறம், நல்ல எடுப்பு. மாமனார் ஸைனுலாப்தீனின் அன்பளிப்பு என்று புரிந்துகொண்டு உடனே போட்டுக்கொண்டு போய் நின்றான். மாமா அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாரிக்கி மருமகன்," என்றார்.

அதற்குப் பிறகு குளிக்கவும் தூங்கவும் மட்டும்தான் அதைக் கழற்றினான். கழற்றி வைத்தால் மாமாவையே கழற்றி வைத்த மாதிரி இருக்காதா? பாவம் மாமா, அவருக்கு அந்த நாட்களில் கண்ணே சரியில்லை. மாலையில் மோட்டார் சைக்கிளில் போய் வந்தால் பூச்சி விழுந்து கண் சிவந்திருக்கும்.

முதலில் செய்த துண்டு பச்சை கலந்த நீலமாக எரிந்தது. இது போதாது என்று சாயத்தை மாற்றினான். துண்டு முன்னையதைவிட மங்கியது. ஈரம்தான் காரணம் என்று மாமியின் அரிசிப் பேணிக்குள் புதைத்து வைத்தான். அன்று வீட்டில் எல்லாரும் சோற்றுக்குப் பதிலாகக் கடைப் பாண் சாப்பிட்டார்கள். படலத்தை இன்னும் மெல்லிசாக்கினான். துண்டு இன்னும் மங்கியது. புகையில் குற்றம் கண்டு பொரியலை நிறுத்தினான். காற்றில் குற்றம் கண்டு யன்னல்களுக்குச் சீலை கட்டினான். சுனாமிக்குப் பிறகு கடல் காற்று வர வேண்டுமென்றே பெரிய யன்னல் வைத்துக் கட்டிய வீடு அது. உள்ளே எல்லாரும் அவிந்தார்கள்.

கடைசித் துண்டு ஏறக்குறைய எரியவே இல்லை. சாம்பல் பூத்த தணல் அளவுக்குக்கூட இல்லை.

"எப்படி இரிக்கி மாமி?"

"மாஷா அல்லாஹ், நல்ல நீலம் மருமகன்."

"மாமா?"

"கண் கூசுது."

அஹ்ஸன் பெருமூச்சு விட்டான். வேலிக்கு ஓணான் சாட்சி. போன கிழமை அவன் போட்ட தேத்தண்ணியில் சீனிக்குப் பதிலாக உப்பு விழுந்திருந்தது. அதையும் இந்த இருவர்தான் "நல்ல ருசி" என்று கடைசிச் சொட்டுவரை குடித்தார்கள்.

"மெய்யாத்தான் சொல்றாங்க, நீலம் அள்ளுது," என்றாள் ஆதிலா.

"நீயும் அவங்கட மகள்தானே."

பேராசிரியர் வந்த அன்று அஹ்ஸன் ஒரு முடிவோடுதான் ஆய்வுகூடத்தில் நின்றான். விருந்தாளிக்குச் சாப்பாட்டுச் சட்டியோடு மாமாவும் வந்து கதவோரம் நின்றார். அறையை இருட்டாக்கி, துண்டுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு, அஹ்ஸன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மன்னிக்கணும் மேடம். நீலம் வரல்ல. அறையை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்க."

கலாராணி மேசையருகே போய்க் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

"இப்படி ஒரு நீலத்த நான் எங்கட கூடத்தில கண்டதில்ல."

"எனக்காகச் சொல்லாதீங்க மேடம். வீட்டிலயும் அப்படித்தான் சொல்றாங்க."

"ஆருக்காகவும் நான் ஒண்டும் சொல்றதில்ல. என்ர சொந்த மகனையே சோதனையில பெயிலாக்கினவள் நான்." அவர் அஹ்ஸனின் முகத்தை உற்றுப் பார்த்தார். "அது சரி, இருட்டுக்குள்ள என்னத்துக்கு மஞ்சள் கண்ணாடி? கழட்டுங்க அத."

கழற்றினான்.

அறை முழுக்க நீலம். மேசை, சுவர், பேராசிரியரின் வெள்ளைச் சேலை, மாமாவின் தொப்பி, சோற்றுச் சட்டி, எல்லாம் நீலம். மஞ்சள் கண்ணாடி நீலத்தைத்தான் முதலில் விழுங்கும். மாணவருக்கு ஒவ்வொரு வருடமும் அவனே சொல்லிக் கொடுக்கிற பாடம். நீலத்தை அவன் தூய்மையாக்கத் தூய்மையாக்க, கண்ணாடி அதை மிச்சமில்லாமல் தின்று தீர்த்திருக்கிறது. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்? அஹ்ஸனுக்கு வெட்கமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன. சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணீர் வரச் சிரித்தான்.

"அறை உங்களுக்குத்தான்," என்றார் கலாராணி.

அப்போதுதான் கதவோரம் நின்றவரின் நினைவு வந்தது. கண்ணாடி இன்னும் கையில் இருந்தது.

"மாமா, கோவிக்காதீங்க. நீங்க ஆசையாத் தந்தது. அதாலதான் கழட்ட மனம் வரல்ல."

ஸைனுலாப்தீன் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, சிவந்த கண்ணைக் கசக்கிக்கொண்டு கையை நீட்டினார்.

"நான் எப்ப மருமகன் தந்தன்? பொழுதுபட்டா பைக் ஓட எண்டு வாங்கி, ஒங்கட மேசையில மறந்து வெச்சது. நீங்க எடுத்துப் போட்டுட்டு வந்து நிண்டிங்க, திருப்பிக் கேக்க வெக்கமாப் போச்சு."