தளபதிக்கு ஒரு ஜோடி

கண்ணாடிக்கடைக்காரர் ஒரு சபதம் எடுத்தார். நெஞ்சை நிமிர்த்தி, கையை உயர்த்தியெல்லாம் எடுக்கவில்லை. சாப்பாட்டு மேசைக்கு அடியில் முட்டி போட்டு, மனைவி தவறவிட்ட ஊசியைத் தேடிக்கொண்டே எடுத்தார். அவர் எடுக்கிற சபதங்களுக்கு அந்த உயரம் போதும்.

விஷயம் இதுதான். அவர் மனைவி தையல்காரம்மா. வீட்டில் ஒழுங்காக வெளிச்சம் வருகிற ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அது சின்ன அறையில் இருந்தது. சின்ன அறையில் அவருடைய ராணுவம் முகாம் போட்டிருந்தது. ஏழு பழைய போர்த் தலைக்கவசங்கள். கூம்பு வைத்தது, குடுமி வைத்தது, கவிழ்த்த கிண்ணமாய் உட்கார்ந்திருந்தது என்று ஜன்னல் விளிம்பிலும் அலமாரியிலும் தலையே இல்லாத ஒரு படை. அதில் அவருக்குச் செல்லமான ஒன்றின் பெயர் தளபதி. தையல்காரம்மா சாப்பாட்டு மேசையில் டியூப்லைட் வெளிச்சத்தில் தைத்துக்கொண்டிருந்தார்.

அன்று ஒரு கருநீலப் பாவாடையைக் கருப்பு நூலால் தைத்து முடித்துவிட்டார். வாசலில் வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் திரும்பி வந்து உட்கார்ந்து முழுவதையும் பிரிக்க ஆரம்பித்தார். அவர் பேசாமல் தையல் பிரித்தால் வீட்டில் எல்லாருக்கும் நடுக்கம். எல்லாரும் என்றால் இவர் ஒருவர்தான்.

"கண்ணு பூத்துப் போகுதுங்க. எனக்கு அந்த ஜன்னல் வேணும்."

"பவரைக் கொஞ்சம் கூட்டிப் புதுக் கண்ணாடி போட்டுத் தரவா?"

"வெளிச்சம் கேட்டா கண்ணாடி தர்றீங்க. பசிக்குதுன்னு சொன்னா ஸ்பூன் தருவீங்களா?"

"அப்ப தளபதியை எங்க வைக்கிறது?"

"ஒண்ணு சொல்லுங்க. தளபதியா, நானா?"

இவர் யோசித்தார். அங்கேதான் கெட்டது.

"யோசிக்கிறீங்க!"

"சேச்சே, ஊசி தட்டுப்பட்ட மாதிரி இருந்துச்சு, அதான். இந்தாம்மா, அந்தப் பைத்தியத்தையே தலைமுழுகிட்டேன், போதுமா? இனி ஒரு ஹெல்மெட் வாங்க மாட்டேன். இருக்கிறதைப் பெட்டியில போட்டு ஒட்டிடுறேன். திறந்துகூடப் பார்க்க மாட்டேன்."

"தலைமுழுகிட்டீங்களா?"

"முழுகியாச்சு."

"அப்ப அது இனிமே உங்களுது இல்ல."

"இல்லவே இல்ல!"

அந்த "இல்லவே இல்ல"வை அவர் கொஞ்சம் அடக்கிச் சொல்லியிருக்கலாம்.

பெட்டி கட்டும் படலம் தொடங்கியது. மற்ற ஆறையும் காகிதத்தில் சுற்றி அடைத்துவிட்டார். தளபதியை மட்டும் அடைக்க மனம் வரவில்லை. தளபதி என்பது ஒரு குதிரைப்படைத் தலைக்கவசம். நெற்றியில் பித்தளைத் தகடு. பின்னங்கழுத்தை வாள் தொடாமல் மறைக்க அடுக்கடுக்காக ஒரு வால். வலப்பக்கம் ஒரு நசுங்கல். மொத்தமும் கரியேறிக் கருத்துக் கிடந்தது. அந்த நசுங்கல், தளபதியை வாங்கிய மறுநாள்தான் அவர் கண்ணில் பட்டது. முதல்நாள் பரவசத்தில் கவனிக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றிலிருந்து கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் எல்லாரும் எழுத்துப் பலகையைப் பார்ப்பதற்கு முன் அந்த நசுங்கலின் கதையைக் கேட்டாக வேண்டும். வாளால் ஓங்கி அடித்த எதிரி, அவனுடைய குதிரை, அதன் உயரம். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் குதிரை கொஞ்சம் வளர்ந்தது.

"உள்ள வைக்கிறதுக்கு முன்னாடி ஒருதரம் துலக்கித் தர்றேனே" என்றார் தையல்காரம்மா.

"தொடாதே! அது அழுக்கு இல்ல, வரலாறு!"

"அடுப்புக்கு அடியிலகூட நிறைய வரலாறு கிடக்கு. அதை மட்டும் ஏன் சுத்தம் பண்ணலன்னு கேக்குறீங்க?"

"உனக்கு எங்க தெரியப்போகுது! அந்தக் காலத்துல ஒரு சிப்பாய் துணித்தொப்பிக்கு அடியில சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கவுத்து வச்சுக்கிட்டுப் போருக்குப் போனானாம். தலையில அடிபட்டும் உயிர் பிழைச்சானாம். அதைக் கேட்டுத்தான் ஒரு அதிகாரிக்கு இரும்புத் தொப்பி செய்யணும்னு யோசனையே வந்துச்சுன்னு சொல்றாங்க."

"ஆக, இதுக்கெல்லாம் மூதாதை ஒரு பாத்திரம்."

"அப்படியும் சொல்லலாம்."

"பாத்திரத்தைத் துலக்கினாத்தானே துலங்கும்?"

இவர் தளபதியைப் பெட்டிக்குள் வைத்து ஒட்டினார். ஏழு பெட்டிகளையும் அடுக்க இடம் தேடி, கடைசியில் அதே ஜன்னலோரமே அடுக்கினார். முன்பாவது தொப்பிகளுக்கு நடுவே கொஞ்சம் வெயில் வந்தது. இப்போது அதுவும் இல்லை. சபதத்தால் அந்த அம்மாவுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அவர் ஒன்றும் சொல்லாமல் டியூப்லைட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தார். சொல்லாமல் போனாரே என்று இவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் நிம்மதிதான் வந்தது.

தினமும் கடைக்குக் கிளம்பும்போது பெட்டிகளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். கனமாக, பத்திரமாக இருந்தன. கொஞ்ச நாள் அப்படியே ஓடியது. பிறகு ஒரு மதியம், சாப்பிடப் போன கால்கள் அவரைக் கேட்காமலே பழைய சாமான் கடைக்குத் திரும்பிவிட்டன.

"வாங்க சார். இந்தப் பக்கமே வர்றதில்லன்னு கேள்விப்பட்டேனே" என்றார் கடைக்காரர்.

"சும்மா காத்து வாங்க வந்தேன்."

"காத்து அந்தப் பக்கம் சார். இங்க இதுதான் இருக்கு." கடைக்காரர் ஒரு துணியை விலக்கினார்.

பளபளவென்று ஒரு குதிரைப்படைத் தலைக்கவசம். கண்ணாடிக்கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தார்.

"வால்! அடுக்கடுக்கா வால்! ஐயோ, நெத்தியில என்னய்யா இது, சிங்கமா?"

"சிங்கம்தான் சார். உத்துப் பார்த்தா மீசைகூடத் தெரியும்."

"வலப்பக்கம் நசுங்கல்! அதே இடம்! அதே அளவு! என்கிட்ட இருக்கிற தளபதிக்கு இது ஜோடிய்யா! ஒரே பட்டறை, ஒரே அச்சு. ரெண்டு பேரும் ஒண்ணாச் சண்டைக்குப் போயிருக்காங்க. ரெண்டு பேரையும் அடிச்சவன் ஒரே எதிரி!"

கடைக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது. சுவர்ப்பக்கம் திரும்பி நின்று இருமி முடித்தார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்."

"யார் கொண்டாந்து குடுத்தது?"

"ஒரு அக்கா சார். அவங்க வீட்டுக்காரருக்கு வேண்டாமாம்."

"மடையன்!"

"சார், அப்படிச் சொல்லாதீங்க."

"சொல்வேன்! இப்படி ஒரு பொருளைக் கைவிடுறவனுக்குக் கழுத்துக்கு மேல தலை எதுக்கு?"

"அவரும் நல்ல மனுஷன்தான் சார்."

"நல்ல மனுஷன், ஆனா மடையன்."

தளபதியை வாங்கியதைப் போல இரண்டு மடங்கு விலை. பேரம் பேச வாய் வரவில்லை. பிரிந்த ஜோடியைச் சேர்த்து வைக்கும்போது கணக்குப் பார்க்கக் கூடாது என்று பணத்தை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்குள் எப்படிக் கொண்டுபோவது என்று முழித்தவருக்குக் கடைக்காரரே ஒரு பழைய குக்கர் பெட்டியைக் கொடுத்து வழிகாட்டினார். இப்படிப்பட்ட நண்பர்கள் எத்தனை பேருக்குக் கிடைப்பார்கள் என்று இவர் நெகிழ்ந்துபோனார். தன் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு, வெயில் இருக்கும்போதே விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"கக்கத்துல என்னங்க?"

"எந்தக் கக்கம்? ஓ, இதுவா. குக்கர்."

"எனக்கா?"

"பின்ன, எனக்கா?"

"நான் கேக்காமலே ஒரு பாத்திரம் வாங்கியிருக்கீங்க! குடுங்க, இப்பவே அடுப்புல ஏத்திடுறேன்."

"வேண்டாம் வேண்டாம்! மூடி சேரல. நாளைக்கு மாத்திக் கொண்டாறேன்."

"சேருதான்னு நான் பார்க்கிறேனே."

"விசிலும் இல்லம்மா."

"விசில் நீங்க தெருமுனையிலேருந்தே அடிச்சுக்கிட்டுத்தானே வர்றீங்க."

பெட்டி கைமாறிவிட்டது. தையல்காரம்மா உள்ளே இருந்ததை எடுத்து மேசையில் வைத்தார். சிங்கம் இருவரையும் பார்த்தது. அந்த அம்மா முகத்தில் ஆச்சரியம் துளியும் இல்லை. ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிறவர் அதைக் கவனிக்கவில்லை.

"கோவப்படாதே! வாங்க மாட்டேன்னுதானே சொன்னேன்? இது வாங்கினது இல்ல, மீட்டது. தளபதியோட ஜோடி!"

"ஜோடியா?"

"நம்ம ரெண்டு பேரை மாதிரி."

"அப்ப ஒண்ணு பேசும், இன்னொண்ணு கேட்டுக்கும்."

"விளையாடாதே. இந்த நசுங்கலைப் பாரு. எவனோ புண்ணியவான் துலக்கி வச்சிருக்கான், அதனாலதான் இந்தச் சிங்கமே வெளிய வந்துச்சு."

"துலக்கினது நல்லதுன்னா சொல்றீங்க?"

"இந்த ஒரு தடவை."

"சந்தோஷம். அப்ப ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துடலாமே?"

"பெட்டியைத் திறக்க மாட்டேன்னு சபதம் பண்ணியிருக்கேனே?"

"நான் அனுமதி தர்றேங்க."

கண்ணாடிக்கடைக்காரர் சிங்கத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சின்ன அறைக்கு ஓடினார். தளபதியின் பெட்டியைக் கிழித்தார். உள்ளே வெட்டுத்துணிகள். அவற்றுக்கு அடியில், கனத்துக்கு, ஒரு ஓட்டை இஸ்திரிப் பெட்டி. அடுத்த பெட்டியில் வெட்டுத்துணியும் செங்கல்லும். அடுத்ததிலும் அதேதான்.

"தளபதி எங்க?" குரல் உடைந்துவிட்டது.

"உங்க கக்கத்துல."

அவர் குனிந்து பார்த்தார். சிங்கம் இப்போது சிரிப்பதுபோல் தெரிந்தது. வாலைத் தடவினார், நசுங்கலைத் தடவினார். பட்டறை ஒன்று, அச்சு ஒன்று, அடி ஒன்று. எல்லாம் அவரே சொன்னதுதான்.

"அப்ப அந்த எதிரி?"

"நான்தாங்க. நீங்க வாங்கிட்டு வந்த அன்னைக்கே, ஒட்டடை அடிக்கிறப்ப கைபட்டு விழுந்துடுச்சு. நான் நாற்காலி மேலதான் நின்னேன். குதிரையெல்லாம் இல்ல."

"என்னை ஒரு வார்த்தை கேக்காம வித்துட்டியே!"

"யாரைக் கேக்கணும்? உங்களுது இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? இல்லவே இல்லன்னீங்க." பிறகு தையல்காரம்மா குரலைத் தணித்துக்கொண்டார். "வெளியாளுக்கு ஒண்ணுகூடக் குடுக்கக் கூடாதுன்னு கடைக்காரர்கிட்ட கண்டிப்பாச் சொல்லித்தான் வச்சேன். நீங்க போவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பழைய சாமான் கடைக்காரர், ஒரு பெரிய மேசையின் முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, நீங்க கேட்ட துணி வெட்டுற மேசை. சார் வர்றதுக்குள்ள இறக்கச் சொன்னீங்க, கொஞ்சம் லேட்டாயிடுச்சு." உள்ளே எட்டிப் பார்த்தவர் சாரைக் கண்டு அசடு வழிந்தார். "சார், குக்கர் எப்படி?"

பெட்டிகள் வெளியே போயின. மேசை ஜன்னலோரம் வந்தது. ஒரு பக்கத்தைத் தூக்கியது கண்ணாடிக்கடைக்காரர்தான். தன் பணத்தில் வந்த மேசையைத் தானே சுமக்கிற பாக்கியம். தையல்காரம்மா கருநீலத் துணியை விரித்தார். சாயங்கால வெயில் அதன்மேல் விழுந்தது. நூலை ஊசியில் ஒரே முயற்சியில் கோத்துவிட்டுச் சிரித்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் இவருக்குப் பாதி வருத்தம் போய்விட்டது. மீதிப் பாதிக்காக மெதுவாகக் கேட்டார்.

"மத்த ஆறு பேரும்?"

"கடையில பத்திரமா இருக்காங்க. அடுத்து எனக்கு மோட்டார் வச்ச மெஷின் வேணுங்க. எந்தத் தொப்பிக்கு ஜோடி கண்டுபிடிக்கப் போறீங்கன்னு முன்கூட்டியே சொன்னீங்கன்னா, அதை முதல்ல துலக்கி வச்சிடுறேன்."