காயட்டும் ஐயாவும் கால் மணி நேரமும்

திண்டிவனம் வட்டாரத்தில் அந்த நாளில் பிள்ளைகளை அடிக்காமல், மிரட்டாமல், கட்டிப்போடாமல் கால் மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரவைத்த மனிதர் ஒருவர்தான். வாத்தியாரிடம் பிரம்பு இருந்தது. போலீஸ்காரரிடம் லத்தி இருந்தது. இவரிடம் இருந்தது ஊசி. ஊசியைக் கண்டால் ஓடாத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? அதே பிள்ளைகள், இவர் குத்தி முடித்த பிறகு இவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, எழுந்து போ என்றாலும் போகாது.

ஊர் ஊராகப் போய் அம்மை குத்துவது அவர் உத்தியோகம். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சர்க்கார் கடுதாசியில்தான் பார்க்கலாம். பிள்ளைகள் வைத்த பெயர் 'காயட்டும் ஐயா.' வாய்க்கு வாய் அதையே சொல்வார்.

அதற்குக் காரணம் உண்டு. அம்மைப்பாலை ஒரு சொட்டுத் தோள்பட்டைக்குக் கீழே வைத்து, வட்டமான சின்ன ஊசியைத் திருகிக் கீறுவார்கள். அந்தப் பால் நிழலில் தானாகக் காய வேண்டும். கால் மணி நேரம் ஆகும். அதற்குள் துடைத்துவிட்டால் குத்தியும் குத்தாத மாதிரிதான். நம் தாய்மார்கள் என்ன செய்வார்கள் என்றால், குத்துகிறவர் அடுத்த பிள்ளையிடம் திரும்பியதும் ஈர முந்தானையால் அழுத்தித் துடைத்துவிடுவார்கள். சர்க்கார் சொன்னபடி குத்திக்கொண்டாயிற்று. மாரியாத்தாளுக்குக் கோபம் வராதபடி துடைத்தும் ஆயிற்று. இரண்டு பக்கமும் சமாதானம்.

ஆகவே குத்துவது பெரிய வேலை இல்லை. காயும்வரை காவல் இருப்பதுதான் வேலை.

நான் அவரிடம் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன். முடித்துக்கொண்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. அப்பா போனார், சோறு போயிற்று, பள்ளிக்கூடமும் போயிற்று. விழுப்புரம் ஜங்ஷனில் காப்பிக் கடையில் டம்ளர் கழுவினேன். மயிலம் திருவிழாவில் செருப்புக்குக் காவல் இருந்தேன். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டபோது, இவர் பெட்டி தூக்க ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

என் ஊரைக் கேட்கவில்லை. ஜாதியைக் கேட்கவில்லை. "வர்ற வழியில எத்தன நாய் பாத்த?" என்றார்.

ஒரு நாயையும் நான் பார்க்கவில்லை. பசியோடு நடக்கிறவன் நாயைப் பார்ப்பானா? ஆனாலும், "மூணுங்க. அதுல ஒண்ணு நொண்டி" என்றேன்.

"எந்தக் காலு?"

"எடது பின்னங்காலு."

"சரி, பெட்டியத் தூக்கு."

ஒரு மைல் நடந்த பிறகு சொன்னார்: "தம்பி, எடது பின்னங்காலு நொண்டி நாய் திண்டிவனத்துல கெடையாது. ஒலக்கூர்ல ஒண்ணு இருக்குது. பொய் சொன்னாலும் காலு வரைக்கும் யோசிச்ச பாரு, அதுக்குத்தான் உன்ன வெச்சுக்கினேன்."

அவர் வேலை செய்கிற விதத்தைப் பார்த்து முதல் வாரம் நான் அவருக்கு மூளை பிசகிவிட்டது என்றே நினைத்தேன். ஒலக்கூர்ப் பக்கம் ஒரு பையன், ஊசி படுவதற்கு முன்பே ஊரைக் கூட்டினான். இவர் அவன் முகத்தருகே குனிந்து, "அழுவு, வேணாங்கல. ஆனா ஒண்ணே ஒண்ணு பாத்துச் சொல்லு. கண்ணீரு மொதல்ல எந்தக் கண்ணுல வருது?" என்றார். பையன் வாயை மூடிக்கொண்டு கவனித்தான். கீறி முடித்தாயிற்று. அவன் இன்னும் கவனித்துக்கொண்டிருந்தான். கடைசியில், "வர்லியே" என்றான், பெரிய ஏமாற்றத்தோடு.

"காயட்டும். திரும்ப வருதான்னு பாப்போம்."

இன்னொரு ஊரில் கண்ணை மூடிக்கொண்டு எத்தனை சத்தம் கேட்கிறது என்று எண்ணச் சொன்னார். ஒரு பெண் குழந்தை எண்ணிவிட்டுச் சொன்னது: "ஒம்போது. ஒம்போதாவது உன் வவுறு." அன்று நாங்கள் இருவரும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் எண்ணிக்கை பத்தானது.

மேல்சித்தாமூர்ப் பக்கத்தில் ஒரு சிறுமி, இந்தப் பால் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். கன்றுக்குட்டியின் வயிற்றில் கீறி எடுப்பது என்று இவர் உள்ளதைச் சொன்னார். "கன்னுக்குட்டிக்கு வலிக்காம இருக்க யாரு வேடிக்கை காட்டுவாங்க?" என்று அவள் கேட்டாள். இவர் இரண்டு நாள் அந்தக் கேள்வியோடு நடந்தார். மூன்றாம் நாள் மேலிடத்துக்கே எழுதிக் கேட்டுவிட்டார். வேலைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி கேட்டதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு, "கேட்டதுக்கு இது பதில் இல்லியே தம்பி" என்றார் நிஜமான கவலையோடு.

அந்தக் கடுதாசிக்குப் பிறகுதான் சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் பின்தொடர ஆரம்பித்தார். ஒரு நாள் மயிலத்துக்குக் கிழக்கே அவர் வந்து இறங்கியபோது, காயட்டும் ஐயாவும் பன்னிரண்டு பிள்ளைகளும் புளியமரத்து நிழலில் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்திருந்தார்கள். நானும்தான்.

"தரையில படுத்துக்கினு என்னய்யா பண்ற?"

"சாணி வண்டு, சார். பின்பக்கமா உருட்டிக்கினு போவுது. திரும்பிப் பாக்காம அதுக்கு எப்படி வழி தெரியுதுன்னு இவன் கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"தெரியலன்னேன். அதான் பாத்துக்கினு இருக்கோம்."

இன்ஸ்பெக்டர் வண்டைப் பார்த்தார். "ஆமா, எப்படித்தான் தெரியுது?" என்று கேட்டும்விட்டார். பிறகு தன் உத்தியோகம் ஞாபகம் வந்து கத்தினார். இனி ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிஷம். வண்டு, எறும்பு, ஓணான் எதுவும் கூடாது. இந்த மாதம் எண்ணிக்கை ஏறாவிட்டால் வேலை போய்விடும்.

"பாலு காயணும், சார்."

"அது தானா காயும். நீ என்ன விசிறியா?"

வேலை போனால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதனால் அடுத்த வாரம் மரக்காணத்துக்குப் பக்கத்தில், உப்பளத்தைத் தாண்டி இருந்த ஒரு குப்பத்தில், நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு உச்சிவேளைக்குள் குத்தி முடித்தோம். ஒரு கேள்வி இல்லை. ஒரு கதை இல்லை. கிளம்பும்போது நான் திரும்பிப் பார்த்தேன். பெண்கள் கடல் தண்ணீரில் முந்தானையை நனைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, தொடைக்கிறாங்க."

"தெரியும் தம்பி. வா."

நண்டு நடந்த தடத்தைக்கூட நின்று பார்க்கிற மனிதர், அன்று திரும்பிப் பார்க்காமல் நடந்தார். குத்திய இடம் எழும்பியதா என்று எட்டாம் நாள் கையைப் பார்க்கவும் போகவில்லை. அதற்கும் நேரம் கொடுக்கப்படவில்லை. இன்ஸ்பெக்டர் அந்த மாதம் அவரைப் பாராட்டி எழுதினார்.

மறு வருஷம் சித்திரையில் அந்தக் குப்பத்தில் அம்மை வந்தது.

செய்தி கேட்டதும் உத்தரவுக்குக் காத்திராமல் கிளம்பிவிட்டார். யுத்த காலம். கரி போட்டு ஓட்டுகிற பஸ், மேடு வந்தால் நிற்கும். நாங்கள் இறங்கித் தள்ளுவோம். ஈரத்துணி சுற்றிய பானையில் அம்மைப்பாலை வைத்து மடியில் அணைத்துக்கொண்டிருந்ததால் அவரை மட்டும் யாரும் இறங்கச் சொல்லவில்லை.

குப்பத்தில் பாதி வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. ஒன்பது பிள்ளைகளைப் புதைத்திருந்தார்கள். ஊர்ப் பெரியவரான நாட்டார் எங்களை மணலிலேயே நிறுத்தினார்.

"குத்தாத ஊர்ல வர்ல. நீங்க வந்து குத்திட்டுப் போன எங்க ஊர்லதான் வந்துச்சு. இதுக்கு என்னா சொல்றீங்க?"

துடைத்தது நீங்கள்தானே என்று இவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதுதான் உண்மையும்கூட.

"காயற வரைக்கும் நான் நிக்கல. நின்னிருக்கணும். எம்மேலதான் தப்பு" என்றார்.

சர்க்கார் பெட்டியோடு வந்த ஆள் தப்பு என்று சொல்லி அந்த ஊர் கேட்டதில்லை. நாட்டார் பிறகு ஒரு தீர்ப்புச் சொன்னார்: "வந்ததுக்குக் குத்திட்டுப் போங்க. ஆனா ஒடனே தொடச்சிடுவோம். ஆத்தா இன்னும் எறங்கல. அவ ஊர்ல இருக்கும்போது அவ மேல இன்னொரு அம்மைய வெக்க முடியாது."

எல்லோரும் பின்வாங்கி நின்றபோது அஞ்சலை என்கிற பெண் தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். எட்டு வயது மகனைப் புதைத்து ஐந்து நாள் ஆகியிருந்தது. மிச்சம் இருந்தது இந்தப் பெண் ஒருத்தி, கன்னியம்மா, ஆறு வயது. அஞ்சலையின் இன்னொரு கையில் நனைத்த முந்தானை தயாராக இருந்தது.

"குத்து" என்றாள். பூவரச மர நிழலில் உட்கார்ந்தாள். ஊர் முழுக்க அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

குத்தினார். இனி இவர் ஏதாவது கேட்க வேண்டும். எறும்பு, நிழல், அலை, எதையாவது. நான் காத்திருந்தேன். அவர் வாயிலிருந்து 'காயட்டும்' என்கிற ஒரு சொல்கூட வரவில்லை. அஞ்சலை முந்தானையைத் தூக்கினாள்.

கேட்டது கன்னியம்மாதான்.

"ஐயா, எங்க அண்ணன் செத்தப்போ கண்ணு தெறந்தே இருந்துச்சு. எங்கப்பா வந்துதான் மூடுச்சு. அது வரைக்கும் அண்ணன் பாத்துக்கினு இருந்துச்சா?"

தூக்கிய கை அப்படியே நின்றது.

வேறு யாராக இருந்தாலும் சாமியைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்கள், அல்லது வாயை மூடு என்றிருப்பார்கள். இவர் யோசித்தார். "எனக்குத் தெரியல கண்ணு" என்றார்.

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுன்னு நெனைக்கிறேன். உனக்கு என்னா தோணுது?"

அவள் கையை நீட்டியபடியே யோசித்தாள். அவசரப்படவில்லை. "பாத்திருக்காது. நான் எதிர்க்கத்தான் நின்னேன். என்னப் பாத்தா அது சிரிக்கும்."

"ஜுரத்துல எப்படிடீ சிரிக்கும்?" என்றான் தள்ளி நின்ற ஒரு பையன்.

"ஜுரத்துலயும் சிரிச்சுது. உனக்கு இன்னா தெரியும்?"

"மீனு கூடத்தான் கண்ணத் தெறந்துக்கினே சாவுது" என்றான் இன்னொருவன்.

"மீனுக்கு மூடறதுக்கு இமை இல்ல."

"அப்ப அது எப்படித் தூங்கும்?"

"தூங்காது."

"தூங்கும். எங்க மாமா பாத்திருக்குது."

பிள்ளைகள் ஒவ்வொன்றாக நிழலுக்குள் வந்தன. மீன் தூங்குமா, தூங்கினால் கனவு வருமா, செத்த மீனும் தூங்குகிற மீனும் ஒன்றுபோல இருந்தால் இன்னொரு மீன் எப்படிக் கண்டுபிடிக்கும் என்று வழக்கு வளர்ந்தது. காயட்டும் ஐயா யார் பேசினாலும் அவர்கள் முகத்தைப் பார்த்தார்.

அப்போது அஞ்சலை பேசினாள். யாரையும் பார்க்காமல், மெதுவாக. "அவன் பொறந்ததுலேர்ந்தே கண்ண முழுசா மூட மாட்டான். தூங்கசொல்லோ பாதி தெறந்துதான் இருக்கும். தூங்கறானா முழிச்சிருக்கானான்னு நானே ஏமாந்துடுவேன்."

"அப்ப தூங்கிக்கினு இருந்துச்சு" என்றாள் கன்னியம்மா.

நனைத்த முந்தானை அஞ்சலையின் மடியில் கிடந்தது. கன்னியம்மாவின் கையில் பால் காய்ந்து, தோலோடு தோலாக ஒட்டிவிட்டது. நாட்டார் அதைப் பார்த்தார். அஞ்சலையையும் பார்த்தார். பிறகு தன் பேரனைப் பிடரியில் கைவைத்து நிழலுக்குள் தள்ளிவிட்டார்.

அந்தக் குப்பத்தில் மூன்று நாள் இருந்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் கால் மணி நேரம். எட்டாம் நாள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லாக் கையிலும் முத்துப்போல எழும்பியிருந்தது. இரண்டு பிள்ளைகளுக்கு நாங்கள் பிந்திவிட்டோம். அவர்களைப் புதைத்த இடத்தையும் காட்டினார்கள். கன்னியம்மா கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, அரிக்கிறது என்றாள்.

திண்டிவனம் திரும்பியதும் அவர் மேலிடத்துக்கு ஒரு கடுதாசி எழுதினார். போன வருஷம் அந்தக் குப்பத்தில் குத்தியதாகக் காட்டிய பிள்ளைகள் யாருக்கும் குத்தவில்லை என்றே கொள்ள வேண்டும், பதினொரு பிள்ளைகள் போனதற்குத் தானே பொறுப்பு என்று. இன்ஸ்பெக்டர் பெயரை எழுதவில்லை. நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "பாத்தத எழுதாம எப்படித் தம்பி?" என்றார். பதினைந்து நாளில் வேலை போயிற்று.

தெற்கே அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றார். விழுப்புரம் வரை அவரோடு போனேன். வழிக்கு நான் கேப்பை அடை தட்டி இலையில் கட்டியிருந்தேன். அரிசி கண்ணில் படாத காலம். ஜங்ஷனில் பட்டாளத்து ரயில்கள் போக வழிவிட்டு, அவருடைய பாசஞ்சர் வெயில் ஏறிய பிறகுதான் வந்தது. அதற்குள் பெஞ்சியில் உட்கார்ந்து மூன்று அடையைச் சாப்பிட்டார். நிதானமாக, ஒவ்வொரு வாயையும் மென்று. "நல்லாருக்குது தம்பி" என்றார். நான்காவதை எனக்கென்று இலையிலேயே வைத்துவிட்டு வண்டி ஏறினார்.

ரயில் போன பிறகு அதைப் பிட்டு வாயில் போட்டேன். நான் உப்பே போடவில்லை.